நூல் தின்ற பல்

என் அக்காவின் முன்பற்கள் இரண்டிலும் அடியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. பிறவியில் வந்ததல்ல. இருபத்திரண்டு வருடம் நூலைக் கடித்துக் கடித்து விழுந்த பள்ளம்.

பெரிய துணிக்கடை ஒன்றின் மூன்றாவது மாடியில், சரக்கு அறைக்குப் பக்கத்தில், ஆல்டரேஷன் பிரிவில் அவளுக்கு வேலை. பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. ஆறு மெஷின், ஆறு பெண்கள், ஒரே ஒரு கத்தரிக்கோல். அதுவும் தொலைந்துவிடுமாம், மேசைக்காலில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். கூலியோ உருப்படிக்கு இவ்வளவு என்று. ஒவ்வொரு நூல் முனைக்கும் எழுந்து போய் வந்தால் பொழுது அதிலேயே போய்விடும். ஆகவே ஆறு பேரும் பல்லால்தான் அறுத்தார்கள்.

போன வருடம் ஜீன்ஸ் நூலைக் கடித்தபோது ஒரு பல்லின் மூலை தெறித்து விழுந்தது. அன்றிலிருந்து அக்கா உதட்டைத் திறக்காமல் பேசப் பழகிவிட்டாள். சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும், அப்படிப்பட்டவள். இப்போது பார்க்கிறவர்கள், "உங்கக்கா என்ன, எப்பவும் யார்மேலயோ கோவமா இருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார்கள். கோபம் எனக்குத்தான். அவளுக்கு அது வராது.

அந்தச் சமயத்தில்தான் தரைத்தளத்தில் அளவு எடுக்கும் கவுன்டருக்கு ஆள் தேடினார்கள். மாதச் சம்பளம், சாய்ந்து உட்கார நாற்காலி. குனிந்தே தைத்துத் தைத்து அக்காவுக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை வலி. டாக்டர் மெஷினை விட்டே ஆகவேண்டும் என்று சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. கவுன்டர் கிடைத்தால் பிழைத்தாள், கிடைக்காவிட்டால் வீட்டில் படுக்க வேண்டியதுதான்.

மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "வேலையில உங்கள அடிச்சுக்க ஆள் கிடையாதும்மா. ஆனா கவுன்டர்ல இருக்கறவங்க கஸ்டமரைப் பாத்து சிரிக்கணும். பல்லை சரி பண்ணிட்டு வாங்க, ஒண்ணாம் தேதியிலருந்து கவுன்டர் உங்களுக்குத்தான்."

பல்லைத் தேய்த்தது கடை. சரிசெய்ய வேண்டியது அவள். நல்ல நியாயம்!

பல் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். இரண்டு பல்லுக்கும் உறை போடவேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை அக்காவின் மூன்று மாதக் கூலி. பாதி முன்பணம். பிறகு, வரிசையாகப் பல் ஒட்டிய ஒரு பட்டையை எடுத்து, எந்த நிறம் வேண்டும் என்று கேட்டார். அக்கா கழுத்தில் கட்டிய துணியோடு நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள்.

"டியூப் லைட்ல எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளையாத்தான் தெரியும் டாக்டர். ஜன்னல்கிட்ட வாங்க."

நூலுக்கு நிறம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, லேசாக மஞ்சளோடிய நாலாவதைத் தொட்டாள். டாக்டர் அசந்துபோனார். "நானே இதைத்தான் சொல்ல இருந்தேன். எல்லாரும் முதல் வெள்ளையைக் கேட்டு அடம் பிடிப்பாங்க." பாராட்டினாரே தவிர பில்லில் ஒரு காசு குறைக்கவில்லை.

மாதாமாதம் அவள் கூலியில் மருத்துவ நிதிக்கென்று பிடிக்கிறார்கள். அந்தப் பணம் எதற்கு இருக்கிறது என்று அவளை நிதி அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒன்றேகால் மணி நேரம் வரிசை. குமாஸ்தா படிவத்தைப் பார்த்து, "முன்பல் உறையா? இது அழகுக்குப் பண்றது. பணம் வராது" என்றார்.

"அழகுக்கு இல்ல சார், வேலையில தேஞ்சது" என்றாள் அக்கா.

"மெஷின் அடிச்சுதா?"

"இல்ல."

"வேலை செய்யிற இடத்துல விழுந்தீங்களா?"

"இல்ல சார். நூல்."

"நூலா?" பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரே நாள்ல விழுந்து உடைச்சாத்தான் தருவீங்க, இருபத்திரண்டு வருஷம் உழைச்சு உடைச்சா தரமாட்டீங்களா?" என்று கத்தினேன். நானும் தண்ணீர் வரி அலுவலகத்தில் உட்கார்ந்து, கையெழுத்து இல்லை, நகல் இல்லை என்று ஜனங்களைத் திருப்பி அனுப்புகிறவள்தான். ஜன்னலுக்கு வெளியே நின்றால்தான் அந்த வலி தெரிகிறது.

குமாஸ்தா கொஞ்சம் இறங்கி வந்தார். "வேலையாலதான் இப்படி ஆச்சுன்னு கடையில பொறுப்புல இருக்கிற யாராவது எழுதி, முத்திரை போட்டுக் குடுக்கட்டும். அப்ப பாக்கலாம்."

மேனேஜரிடம் போனோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுல கையெழுத்துப் போட்டா, கத்தரிக்கோல் குடுக்கலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. அப்புறம் ஆறு பேரும் வருவாங்க. உங்களுக்கு கவுன்டர் வேணுமா, கடிதாசி வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"கவுன்டர் சார்" என்றாள் அக்கா. யோசிக்கக்கூட இல்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உனக்கு முதுகெலும்பே கிடையாதாக்கா?"

"இருக்குடி. அதான் இப்படி வலிக்குது."

அதற்குமேல் அவளோடு என்ன சண்டை போடுவது? வீட்டுக்கென்று சொந்தமாக ஒரு மெஷின் வாங்கச் சேர்த்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினாள். மீதிக்கு நான் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன், பொய் சொல்வானேன்.

பல் நன்றாக அமைந்தது. எது சொந்தம், எது உறை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்றாம் தேதி கவுன்டரில் உட்கார்ந்தாள். அளவு நாடா, புத்தம்புதுக் கத்தரிக்கோல் இரண்டு, ரசீதுப் புத்தகம், அதில் குத்தக் கடையின் முத்திரை. 'கவுன்டர் பொறுப்பாளர்' என்று சட்டையில் ஒரு பட்டையும் குத்தியிருந்தார்கள். பத்து நாளில் முகம் தெளிந்துவிட்டது. ராத்திரி புரண்டு படுக்க முடிகிறது என்றாள்.

இரண்டு வாரம் கழித்து மதியம் நான் அங்கே போயிருந்தபோது, மாடியிலிருந்து பக்கத்து மெஷின்காரி தைத்து முடித்த துணிகளோடு இறங்கி வந்தாள். அக்காவோடு பதினாறு வருடம் ஒட்டித் தைத்தவள். மூட்டையை வைத்துவிட்டு, யாரும் இல்லையென்று பார்த்து, மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். அதே பள்ளம். ஒரு ஓரத்தில் விரிசலும் விட்டிருந்தது.

"எவ்வளவுக்கா ஆச்சு?"

அக்கா தொகையைச் சொன்னாள். அவள் உதட்டை விட்டாள். "அவ்வளவா? சரிக்கா, வலி ஒண்ணும் இல்ல. தண்ணி குடிச்சாத்தான் கூசுது" என்று சொல்லிவிட்டுப் படியேறப் போனாள்.

"இருடி" என்றாள் அக்கா.

ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்துத் தாளைக் கிழித்தாள். அவள் எழுத எழுத நான் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் மாடியில் ஆறு மெஷினுக்கு ஒரே கத்தரிக்கோல் என்பதும், நூலைப் பல்லால் அறுத்தே இந்தப் பெண்ணின் பல் தேய்ந்தது என்பதும் தனக்கு நேரில் தெரியும் என்று எழுதியிருந்தாள். கீழே கையெழுத்து. அதற்குக் கீழே, கவுன்டர் பொறுப்பாளர்.

இத்தனை நாள் முதுகெலும்பைப் பற்றிப் பேசிய நானே இப்போது தடுத்தேன். "அக்கா, வேண்டாம். உன் வேலை போயிடும். மறுபடியும் மெஷின்ல உக்கார உன்னால முடியாது."

"முடியாதுதான்" என்று சொல்லிக்கொண்டே முத்திரையை எடுத்தாள்.

குத்திவிட்டு, மை காயட்டும் என்று ஊதினாள். பிறகு பக்கத்து மெஷின்காரியிடம், "மிச்ச நாலு பேரையும் ஒவ்வொருத்தரா அனுப்பு. சாயங்காலம் மேனேஜர் ரவுண்டுக்கு வர்றதுக்குள்ள" என்றாள்.