கத்தாத மீட்டர்

என் மனைவிக்கு ஆபீஸில் மிளகாய் என்று பெயர். வீட்டிலும் காரம் குறைவதில்லை. சாதாரண நாளில் என்னை 'ஏங்க' என்பாள். கோபம் தலைக்கேறினால் 'டேய்'தான். கல்யாணத்துக்கு முன்பே என் மாமனார் எச்சரித்தார்: "மாப்ளே, இவ வாய்க்கு நான் பொறுப்பில்ல." எனக்கு அந்த வாய் பிடித்திருந்தது.

நான் எண்ணெய் டேங்குகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவன். உள்ளே ஆக்சிஜன் குறைந்தால் மயங்கிச் சரிவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். அதைச் சொல்லத்தான் சட்டையில் ஒரு மீட்டர் மாட்டியிருப்போம். அந்த மீட்டரைச் செய்வது அவளுடைய கம்பெனி. சென்சாரிடம் அளவைக் கேட்டு வாங்கித் திரைக்குக் கொடுக்கும் டிரைவர் புரோகிராமை எழுதியவள் அவள். சென்சார் பதில் சொல்லாவிட்டால் அந்தப் புரோகிராம் மறுபடி கேட்கும். அப்போதும் பதில் இல்லை என்றால் எண்ணை எடுத்துவிட்டு வெறும் கோடு காட்டிக் கத்தும். கத்தினால் நாங்கள் ஏறிவிடுவோம். ஏறினால் வேலை நிற்கும், காண்ட்ராக்டருக்கு வயிறு எரியும். காண்ட்ராக்டர்கள் சேர்ந்து புகார் செய்ய, மேனேஜர் இவளைக் கூப்பிட்டார்.

"பதில் வரலன்னா கடைசியா வந்த எண்ணையே காட்டும்மா. அந்த வார்னிங்கை எல்லாம் எடுத்துடு. சின்ன சேஞ்ச்தானே?"

"மூச்சு நின்னவரைப் பார்த்து, கடைசியா பார்த்தப்ப நல்லாத்தான் இருந்தாருன்னு சொல்ற மாதிரி இருக்கு சார். நான் செய்ய மாட்டேன்."

சரி, விட்டுடலாம் என்று அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள், பாவி.

போன வாரம் வேலை முடிந்து அவளை அழைத்துவரப் போனேன். கழற்ற மறந்து மீட்டர் சட்டையிலேயே இருந்தது. படியிறங்கி வந்தவளுக்குக் கொஞ்சம் ஐஸ் வைக்கலாமே என்று, "உங்க புது மீட்டர் பிரமாதம். இப்பல்லாம் கத்தறதே இல்ல. காலையில ஆன் பண்ணப்ப ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது, உள்ள இறங்கியும் அதேதான். ஆடாம அசையாம நிக்குது," என்றேன்.

அவள் முகம் மாறியது. "அசையவே இல்லையா?"

மீட்டரை இழுத்து வாயருகே பிடித்து ஊதினாள். நாம் விடும் மூச்சில் ஆக்சிஜன் குறைவு. எண் இறங்கியாக வேண்டும். இறங்கவில்லை. மறுபடி ஊதினாள். ம்ஹூம். சென்சார் எப்போதோ செத்துவிட்டது. பழைய எண் மட்டும் உயிரோடு இருந்தது. அவளுக்குத் தெரியாமல் வேறு யாரையோ வைத்து அந்த மேனேஜர் வேலையை முடித்திருந்தார். நான் பகல் முழுக்க அதை நம்பி டேங்குக்குள் இருந்திருக்கிறேன்.

"டேய், வா மேல," என்றாள்.

மேனேஜர் நாலு பேரோடு மீட்டிங்கில் இருந்தார். இவள் கதவைத் தட்டவில்லை. என் சட்டையோடு மீட்டரைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே இழுத்தாள். "ஊதுங்க சார்."

திகைத்துப்போய் ஊதினார். எண் அப்படியே நின்றது.

"இந்த ஒரு பீஸ் கெட்டுப்போயிருக்கும்மா."

"இந்த ஒரு பீஸைத்தான் இவர் மாட்டிக்கிட்டு இறங்கினார். என் வீட்டுக்காரர்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "சரி, அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம்," என்றார்.

எனக்குக் கோபமே வராது என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று வந்தது. என் உயிர் போனால் இவருக்கு அது அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடுமா? மீட்டரைக் கழற்றி அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

"அது வர்ற வரைக்கும் நீங்க இறங்குங்க சார். சின்ன டேங்குதான்."

அவர் மீட்டரைத் தொடக்கூட இல்லை. போனை எடுத்து, வெளியே போன மீட்டர்களை ஒன்று விடாமல் உடனே திருப்பி வாங்கச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை மிளகாய் அங்கிருந்து நகரவில்லை.