ஓட்டை வைத்த அணை

எங்கள் ஊருக்கு மேலே, பள்ளத்தின் குறுக்கே ஒரு மண் அணை இருக்கிறது. பள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் ஓடை. அணை என்றதும் மேட்டூரை நினைத்துக்கொண்டு யாரும் குடும்பத்தோடு மீன் வறுவல் சாப்பிடக் கிளம்பி வந்துவிட வேண்டாம். மண்ணைக் குவித்து, உருளை ஓட்டி இறுக்கி, சரிவில் கல் பதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பகலில் ஆடுகள் அதன்மேல் ஏறி நின்று எங்களை வேடிக்கை பார்க்கும்.

அதைக் கட்டச் சொல்லி மனு கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அணைக்கு நேர் கீழே எங்கள் கோழிப்பண்ணை. பண்ணை என்றால் ஒரே ஷெட். ஒரு ஐப்பசியில் மலைப்பக்கம் கொட்டிய மழை ஒரே மூச்சில் பள்ளத்தில் இறங்கி, ஷெட்டுக்குள் புகுந்து, கீழ்வரிசைக் கூண்டிலிருந்த முட்டைக்கோழிகளை முழுக்கக் காவு வாங்கிவிட்டது. கூண்டுக்கோழியால் பறந்து தப்பிக்க முடியாது. தண்ணீர் ஏற ஏறக் கழுத்தை நீட்டிக்கொண்டு நம்மையே பார்க்கும். அந்தப் பார்வையை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. அதனால்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன்.

அணை வந்தது. திறப்பு விழாவுக்கு வார்டு உறுப்பினர் தன் படத்தைப் போட்டு ஆளுயரத்துக்கு பிளெக்ஸ் வைத்தார். பூசாரி தேங்காய் உடைத்தார். சந்தனம் வைக்க மதகைத் தேடினார், மதகைக் காணோம். அணையின் அடியில் பெரிய சிமெண்ட் குழாய் ஒன்று மட்டும் இருந்தது. அதற்குக் கதவில்லை, திருகுகிற சக்கரமில்லை. இந்தப் பக்கம் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் மேய்கிற ஆடு தெரிந்தது.

"இது தண்ணியைச் சேர்த்து வைக்கிற அணை இல்லைங்க. வெள்ளம் மொத்தமா வந்தா நிறுத்தி, குழாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா அனுப்பும். அடுத்த மழை வர்றப்ப இது காலியா இருக்கணும். இந்தக் குழாயை மட்டும் யாரும் தொடாதீங்க" என்றார் அணையைக் கட்டிய இஞ்சினியர். நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் சொன்னார்.

எங்கள் ஊர் லாரிக்காரர் கேட்டார். "ஏனுங்க சார், காலியா இருக்கறதுக்கு எதுக்குங்க அணை? அது இல்லாமயே இங்க காலியாத்தானுங்களே இருந்துச்சு?"

இஞ்சினியர் பாவம், எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர். ஆயிரம் அடிக்கு போர் போட்டு, தண்ணீருக்குப் பதில் புகை வந்தால், அந்தப் புகையை நின்று பார்த்துவிட்டு மறுநாள் காலை வேறு மூலையில் நீரோட்டம் பார்த்துப் பாயிண்ட் குறிக்கிற ஊர் இது. என் வீட்டுக்காரர் போர் போடுகிற ரிக் வண்டியில் போய்ப் பாதி இந்தியாவைத் துளைத்துவிட்டு வந்தவர். குளிக்கிற தண்ணீர் எந்தத் தென்னைக்குப் போகிறது என்று தெரியாமல் இங்கே யாரும் சோப்புப் போட மாட்டார்கள். இவர்களிடம் போய், ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நில்லுங்கள் என்று சொன்னால் நடக்கிற காரியமா?

முதல் மழைக்கு அணையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நின்ற கையோடு குழாய் வழியாக வெளியே போனது. ஊரே கரைமேல் ஏறி, இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றது. "போகுதுங்களே" என்றார் ஒருவர். "போகுது" என்றார் இன்னொருவர். என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கறிக்குழம்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்கு வந்த தண்ணீர் போகவில்லை, நின்றது. "சேறு அடைச்சிருக்குமுங்க. அது இயற்கைங்க" என்றார் வார்டு உறுப்பினர். இயற்கைதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். எதிலும் ஒத்துப்போகாத ஊர் இதில் இப்படி ஒத்துப்போனது எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் எங்கள் கிணற்றிலும் தண்ணீர் ஊறியிருந்தது. உறுத்தலைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திவைத்தேன்.

மேலும், அப்போது எனக்கு வேறு கவலை. கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக்கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையைப் பஞ்சடித்துத் தைத்து வாங்கி வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் வண்டியில் கட்டிக்கொண்டு போனார். போனது திரும்பவில்லை. கேட்டால் பஞ்சுக்காரருக்குக் காய்ச்சல் என்பார். அடுத்த வாரம் கேட்டால் பஞ்சுக்காரர் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறார் என்பார். நான் வெறும் பாயில் படுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். பஞ்சுக்காரர் குடும்பத்தில் நடக்கிற விசேஷம் முழுக்க எனக்கு அத்துபடியாகிவிட்டது.

தீபாவளி முடிந்து பிடித்த மழை இரவெல்லாம் விடவில்லை. விடிந்ததும் கரைமேல் ஏறிப் பார்த்தேன். தண்ணீர் கலிங்கைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. கலிங்கு என்பது அணை நிரம்பினால் மிச்சம் வழிவதற்காக ஓரத்தில் தாழ்வாக விட்ட இடம். அங்கிருந்து வழிந்தால் நேராக எங்கள் ஷெட்டுக்குத்தான். மலைப்பக்கம் இன்னும் கருகருவென்றுதான் இருந்தது.

இஞ்சினியருக்குப் போன் போட்டு, அதற்குள் கரைக்கு வந்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். "பயப்படாதீங்கம்மா, குழாய் திறந்துதானே இருக்கு?" என்றார். கரைமேல் நின்ற ஆண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வானத்தைப் பார்த்தார்கள்.

நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பேசி முடித்ததும் என் வீட்டுக்காரர் நீளக் கம்பியில் கொக்கி மாட்டி எடுத்து வந்தார். போர்க்குழிக்குள் மாட்டிக்கொண்ட இரும்பு ராடை இப்படித்தான் கொக்கி விட்டு எடுப்பார்கள், ரிக் வேலையில் அவருக்குக் கைவந்த கலை. குழாயின் வெளிப்பக்கத்திலிருந்து கொக்கியை உள்ளே விட்டு, கம்பியில் கட்டிய கயிற்றை டிராக்டரில் மாட்டி இழுத்தார்கள்.

முதலில் வந்தது வைக்கோல் பொதி. அதைச் சுற்றியிருந்த பிளெக்ஸில் வார்டு உறுப்பினர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"காத்துல பறந்து வந்திருக்குமுங்க" என்றார் அவர்.

"வைக்கோலையும் சுத்திக்கிட்டுங்களா பறந்துச்சு?" என்று கேட்டேன்.

அடுத்து வந்தது சுருட்டிய தார்ப்பாய். லாரிக்காரர் தன் கம்பெனிப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிற தார்ப்பாய். அவர் அதைப் படிக்கத் தெரியாதவர் மாதிரி நின்றார். அதன் பின்னால் தறிக்கழிவு நூல் மூட்டை வந்தபோது, ஊர் விசைத்தறிக்காரர், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டார். "என்னுதுதானுங்க. அவங்க அடைச்சும் சொட்டுச் சொட்டா ஒழுகிட்டே இருந்துச்சு. மனசு கேக்கலீங்க."

இத்தனை வந்தும் குழாயில் பூனை மூத்திரம் போலத்தான் தண்ணீர் கசிந்தது. என் வீட்டுக்காரரோ கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

"அவ்வளவுதான் புள்ள. இனி உள்ள ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா தண்ணி எங்கீங்க?"

"வரும். கொஞ்சம் பொறு. தண்ணிக்கும் வழி தெரிய வேண்டாமா?"

அப்போது ஷெட்டிலிருந்து கோழிச் சத்தம் கேட்டது. பயந்த கோழியின் சத்தம் வேறு மாதிரி இருக்கும், வளர்த்தவர்களுக்குத் தெரியும். அவர் ஷெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொக்கியைத் தானே மறுபடி உள்ளே விட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

டிராக்டர் உறுமியது. சிவப்புப் பூப்போட்ட மெத்தை ஒன்று, பிரசவம் ஆவது போல, மெல்லத் தலைகாட்டி, பிறகு மொத்தமாக வந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் பீறிட்டது. எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. மெத்தையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பஞ்சுக்காரரு இங்கதானுங்களா கடை போட்டிருக்காரு?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "எதை வெச்சும் நிக்கல புள்ள. இதை வெச்ச பின்னாடிதான் கப்புன்னு நின்னுச்சு. உங்கப்பாரு நல்ல மெத்தையாத்தான் குடுத்திருக்காரு."

கலிங்குக்கு நான்கு விரல் இருக்கும்போது தண்ணீர் ஏறுவது நின்றது. பிறகு இறங்கியது. குழாயில் வந்ததைப் பள்ளம் அமைதியாக வாங்கிக்கொண்டு போனது. ஷெட்டுக்குள் ஓடிப் போய்ப் பார்த்தேன். கீழ்வரிசைக் கோழிகள் தீவனத்தைக் கொத்திக்கொண்டே என்னை ஒரு பொருட்டாக மதிக்காமல் பார்த்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. இஞ்சினியர் நன்றாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

சாயங்காலம் வெயில்கூட அடித்தது. கரைக்கு வந்தேன். காலையில் ஓடியவர்கள் எல்லோரும் திரும்பி வந்து வரிசையாக நின்றிருந்தார்கள். நானும் நின்றேன். செந்தண்ணீர் குழாய் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. கடல் மாதிரி கிடந்தது வற்றி, உள்பக்கம் குழாயின் வாய் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் சேறுதான் மிஞ்சும். மாசி, பங்குனியில் கோழிக்குத் தண்ணீர் வண்டிக்குப் போன் போட்டுப் போட்டு நான் தொண்டை வற்றுவது ஞாபகம் வந்தது. பெற்ற வயிறு எரிவது போல எரிந்தது எனக்கு.

"போகுதே" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெத்தை கரையோரம் சொட்டிக்கொண்டு கிடந்தது. இனி அது படுக்க உதவாது.

"ஏனுங்க, மழை விட்டு மானம் நல்லா வெளுத்துருச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் மலைப்பக்கம் பார்த்தார். "வெளுத்துருச்சு புள்ள."

"அப்ப அந்த முனையை நீங்க புடிங்க" என்று சொல்லிவிட்டு, மெத்தையின் இந்த முனையை நான் தூக்கினேன்.