ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளிய ஆறு ஆண்கள்

என் மறதியால்தான் காரின் பேட்டரி தீர்ந்தது என்று கொழுந்தனார் குடும்பக் குழுவில் எழுதியிருக்கிறார். தவறு.

நான் சிதம்பரம் கோயிலுக்குள் இருந்த இரண்டு மணி நேரமும் அவர்தான் காரில் விசிறியும் பாட்டுமாக உட்கார்ந்திருந்தார்.

நான் திரும்பி வந்தபோது கார் கிளம்பவில்லை. "தள்ளுனா கெளம்பிடும் அண்ணி" என்றார்.

"இது ஆட்டோமேட்டிக். தள்ளினால் கிளம்பாது" என்றேன்.

"நீங்க சும்மா உக்காருங்க. ஆம்பளைங்க நாங்க பாத்துக்கிறோம்."

அவரும் வீதியில் நின்றவர்களுமாக ஆறு பேர் கீழ வீதி நெடுகத் தேர் போலத் தள்ளினார்கள். கார் நகர்ந்தது, கிளம்பவில்லை. கடைசியில் ஒரு பூக்கடைக்காரப் பெண் தன் வேன் பேட்டரியிலிருந்து எங்கள் பேட்டரிக்குக் கேபிள் மாட்டினார். உடனே கிளம்பியது.

நான் ஓட்டிக்கொண்டு கடலூர் வந்து சேர்வதற்குள் குழுவில் அவருடைய தீர்மானம்: "அண்ணிகிட்ட இனிமே சாவி குடுக்க வேணாம்."

கொழுந்தனாரே, பேட்டரியைத் தீர்த்தது யார்? அதே குழுவில் எழுதுங்கள். கைகூப்பும் படம் வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.