மாமாவுக்காக வரைந்த இந்தியா

இந்தியாவை நான் முதன்முதலில் வரைந்தபோது அதற்குப் பின்னால் ஒரு மலையைப் போட்டுவிட்டேன். அங்கே மலை கிடையாது. ராமநாதபுரத்துப் பக்கம், கண்ணுக்கு எட்டிய வரை கருவேலமும் பனையும் நிற்கிற வெட்டவெளி அது. சித்திர வாத்தியார் என் தாளைத் தூக்கி வகுப்பு முழுவதற்கும் காட்டினார். "சிலோன்காரரே, இந்த மலை எங்க இருக்குன்னு சொன்னா நானும் ஒரு நடை ஏறிப் பாத்துட்டு வருவேன்" என்றார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அவமானத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நான் வேண்டுமென்று போடவில்லை, கை தானாகப் போட்டிருந்தது.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு வெறும் வானத்தை எப்படி வரைவது என்று தெரியாது. டிக்கோயாவுக்கு மேலே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயத்து வாசலில் நின்றால் எதிர்மலை முகத்தில் வந்து முட்டும். வானம் வேண்டுமென்றால் கழுத்தை நிமிர்த்த வேண்டும். தாளின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, அதற்கு மேலே ஒன்றுமில்லாமல் விட்டுவிட என் கை பழகுவதற்குள் பாதித் தவணை ஓடிவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களில் இரண்டு பேரைச் சித்திரமும் கைவேலையும் கற்றுவர ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்துப் பயிற்சிக்கூடத்துக்கு ஒரு தவணை அனுப்பினார்கள். அதில் ஒருவன் நான். கடல் தாண்டிப் படிக்கப் போகிறேன் என்று லயமே பெருமைப்பட்டது. ஆனால் நான் கொண்டுபோன, தடித்த அட்டை போட்ட வரைதாள் கொப்பி பயிற்சிக்காக மட்டும் இல்லை. அது மாமாவுக்காக.

மாமா என் அம்மாவின் தம்பி. கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் அந்த வேலையில், ஒரு மழைநாள் செங்குத்தான மலையில் கால் சறுக்கி முட்டி பிசகியது. அன்றிலிருந்து இறக்கத்தில் அவரால் நேராக இறங்க முடியாது. நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவார். பின்னால் வருகிறவர்கள் கேலி செய்வார்கள், அவரும் வசை திருப்பிக் கொடுப்பார். அத்தை காமாலையில் போன பிறகு வசையும் நின்றுவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போவார், சாயங்காலம் வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எங்கள் வீட்டிலும் மனுப் போட்டார்கள், மாமா வீட்டிலும் போட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது, அவருக்குத் தள்ளுபடி. இத்தனைக்கும் அம்மாவும் அவரும் லயத்தில் ஒரே காம்பரா அறையில் பிறந்தவர்கள். ஒரே வயிற்றில் பிறந்த அக்கா இந்த நாட்டுக்காரி, தம்பி எந்த நாட்டுக்காரரும் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? அதற்குப் பிறகுதான் இந்தியாவுக்கே போய்விடலாமா என்ற பேச்சு வந்தது. மாமா இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அவருடைய அப்பா பரமக்குடிக்குத் தெற்கே ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தவர் என்பது மட்டும்தான் தெரியும்.

நான் புறப்படுவதற்கு முன் மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மாப்பிள, எனக்கு எழுத்துத் தெரியாது. தெரிஞ்சவன் சொல்றதையும் நான் நம்ப மாட்டேன். ஒருத்தன் அங்க சொர்க்கம்ங்கிறான், இன்னொருத்தன் சுடுகாடுங்கிறான். நீ பாத்ததை அப்படியே படமாப் போட்டுக் கொண்டா. அதப் பாத்துட்டுத்தான் போறதா இருக்கிறதான்னு முடிவெடுப்பேன்."

அப்போது மாமா மகள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகிற சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. அவள் பிறந்ததிலிருந்தே எனக்கென்று பேசி வைத்தவள். நான் திரும்பி வந்ததும் தையில் கல்யாணம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா போவதென்றால் அவளும் போவாள். ஆகவே அந்தக் கொப்பியில் நான் என்ன வரைகிறேனோ அதுதான் என் தலையெழுத்து.

பொய்யாக ஒரு கோடும் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். பொய் தேவைப்படவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி, மாமாவுடைய அப்பாவின் ஊரை விசாரித்துத் தேடிப் போனேன். கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. பெண்கள் அதன் நடுவே ஊற்றுத் தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். அவர்களுக்குப் பின்னால் குடங்களோடு இன்னும் பெண்கள், வரிசையாக, வெயிலில். மாமாவின் பெரியப்பா பேரன் ஒருவன் குடிசையில் எனக்குக் கூழ் கொடுத்தான். "அவங்க எல்லாரும் வந்துட்டா எங்க தங்குவாங்க?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாது என்பதுபோல் கீழே பார்த்தான். அந்த முகத்தை மட்டும் எனக்கு வரைய வரவில்லை. கண்மாயையும் குடிசையையும் வரைந்தேன். ஊற்றையும் குடங்களையும் வரைந்தேன். வெடிப்பு ஒவ்வொன்றையும் கரிக்கோலால் அழுத்தி அழுத்திப் போட்டேன். இதைப் பார்த்து எவன் கப்பல் ஏறுவான் என்று ஒரு திருப்தி.

தவணை முடிந்து திரும்பி வந்த முதல் ஞாயிறு, கொப்பியோடு மாமா வீட்டுக்குப் போனேன். வெளியே மழை. மாமா கையைத் துடைத்துக்கொண்டு சாக்கின்மேல் சம்மணமிட முயன்று, முட்டி மடங்காமல் காலை நீட்டிக்கொண்டார். அம்மா பக்கத்தில் இருந்தாள். மாமா மகள் அடுப்போரம் நின்றாள், அவளுடைய சின்னத் தங்கை அவள் பாவாடையைப் பிடித்தபடி. நான் முதலிலேயே கண்மாய்ப் பக்கத்தைத் திறந்தேன்.

"இது என்ன மாப்பிள?"

"கண்மாய் மாமா, பெரிய குளம் மாதிரி. சொட்டுத் தண்ணி இல்ல. எப்படி வெடிச்சுக் கெடக்கு பாருங்க."

மாமா வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலைத் தாளின் இடது ஓரத்தில் வைத்து, நான் அத்தனை பாடுபட்டுக் கற்ற அந்தக் கோட்டின்மேல் மெல்ல வலது ஓரம் வரை கொண்டுபோனார்.

"மேடு எங்க?"

"மேடு இல்ல மாமா."

"பள்ளம்?"

"அதுவும் இல்ல. அந்தாண்டையும் இப்படியேதான். ஒரு பச்சை கிடையாது."

"ஏற வேணாம்," என்றார். என்னிடம் சொல்லவில்லை. "எறங்கவும் வேணாம்."

அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வெயில் மண்டையைப் பிளக்கும் என்றேன்.

"அப்ப கால்ல ஏறி ரத்தம் குடிக்கிற அட்டை இருக்காது."

"மழையே இல்லாத ஊர்ல அட்டைக்கு எங்க மாமா போறது?" என்று எரிச்சலோடு சொன்னேன். அதையும் அவர் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார்.

"கம்பளி நனையாது. நனைஞ்ச கம்பளியத் தோள்ல போட்டுக்கிட்டே எங்கப்பன் செத்தான்." மறுபடி கண்மாய்ப் பக்கத்துக்கே திருப்பினார். "யக்கா, இங்க பாரு. காம்பராத் தரை மாதிரி இருக்கு ஊரே!" என்று சொல்லிச் சிரித்தார்.

வாயால் சொல்லிப் பார்த்தேன். அங்கே வேலை இல்லை, சொந்தக்காரர்களே கூழைக் குடித்துக்கொண்டு கிடக்கிறார்கள், போய் இறங்கினால் தங்க இடமில்லை என்றேன்.

"இங்க மட்டும் என்ன விருந்தா நடக்குது? நீ படிச்சவன், பேச்சுல ஜெயிச்சிருவ. அதுக்குத்தானே படம் கேட்டேன். படம் பாத்தாச்சுல்ல."

மறுநாள் பெரட்டுக் களத்தில் இதே பேச்சு. ஒரு மேடு இல்லாத ஊராம், எங்கே தொடங்கினாலும் நடந்துகொண்டே இருக்கலாமாம். சாயங்காலம் பக்கத்து லயத்துக்காரர்கள் படம் பார்க்க வந்தார்கள். நாள் முழுக்கச் சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றி நின்றவர்கள். அவர்களும் வெடிப்பைப் பார்க்கவில்லை. எல்லாருடைய விரலும் இடமிருந்து வலமாகத்தான் போயிற்று. நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அந்த மாதமே மாமா கண்டிக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இதில் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் இன்றுவரை என் ஆத்திரம். நான் உள்ளதை வரைந்தேன். அவரும் உள்ளதைத்தான் பார்த்தார்.

சில நாள் கழித்துப் பீலியடியில் மாமா மகளைப் பார்த்தேன். மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுகிற இடம் அது, வருஷம் முழுக்கக் கொட்டும். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதை எடுக்காமல் நின்றாள்.

"மச்சான், படத்துல அந்தப் பொம்பளைங்க குடத்தோட நிக்கிறாங்கல்ல, அவங்க வீடு எம்புட்டுத் தூரம்?"

அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் அதைப் பார்த்திருக்கிறாள்.

"ஒரு மைலுக்கு மேல இருக்கும்."

"ஒரு குடம் நெரம்ப?"

"பாதிக் காலம்பற போயிரும்."

தலையை ஆட்டிக்கொண்டாள். நான், "ஒனக்குத் தெரியுதுல்ல, அப்பாகிட்டச் சொல்லு புள்ள. நீ சொன்னாக் கேப்பாரு" என்றேன்.

"சொல்ல மாட்டேன் மச்சான். அந்தப் படத்தப் பாத்துட்டு அப்பா சிரிச்சாங்கல்ல? அம்மா போனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சாங்க."

அம்மா விடவில்லை. மகளையாவது கொடுத்துவிட்டுப் போ என்று தம்பியின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். மாமா மறுக்கவில்லை. "அவ சரின்னா நாளைக்கே மாலை மாத்திக்கட்டும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. கல்யாணத்தை முடித்தால் அவள் என்னோடு இங்கேயே இருந்துவிடலாம், மற்றக் காகிதங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுவிட்டு நானே போய் அவளிடம் கேட்டேன். கொய்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையை முதுகில் தொங்கவிட்டபடி வந்துகொண்டிருந்தாள்.

"நான் இங்க நின்னுட்டா, அங்க குடத்தை யாரு தூக்குவா? தங்கச்சியா?"

அவ்வளவுதான் சொன்னாள். தங்கைக்கு ஏழு வயது. 'அப்படியானால் நீங்களும் வாங்க' என்று அவள் கேட்டிருக்கலாம். எனக்கு அம்மா இருந்தாள், வேலை இருந்தது, இந்த நாட்டில் நிற்க உரிமை இருந்தது. என்னால் வர முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு கேட்காமல் விட்டாளே, அதுதான் இன்றும் என்னைக் கொல்கிறது. கேட்டிருந்தால் ஒருவேளை சண்டையாவது போட்டிருப்பேன்.

பாஸ்போர்ட் வந்தது. புறப்படுகிற காலையில் லயத்துச் சனம் பாதி அட்டன் ஸ்டேசனுக்கு வந்துவிட்டது. கொழும்புக் கோச்சியில், அதாவது ரயிலில் போய், பொல்காவலையில் மாறி, தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். மாமா முகம் மழித்து, புதுச் சட்டை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ஸ்டேசன் மேடையில் அங்கும் இங்கும் நடந்து, "பாரு, சமமா இருந்தா நொண்டலே தெரியல!" என்று அம்மாவிடம் காட்டினார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் என்னிடம் வந்தாள்.

"கொப்பி இருக்கா மச்சான்?"

பையில் இருந்தது. எடுத்தேன்.

"எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. கோயிலுக்கு மேல நாங்க கொழுந்தெடுப்போமே, அந்த மலை."

சிக்னல் விழுந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் கொப்பியை வைத்து வரைந்தேன். கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு கோட்டை இழுத்தேன். அந்தச் சரிவு, நடுவில் கல்படி, மேலே சவுக்கு மரங்கள். வானத்துக்கு இடமே விடவில்லை. கோச்சி இரைச்சலோடு வந்து நின்றது. மூட்டைகளை ஏற்றினோம், தங்கையைத் தூக்கிக் கொடுத்தோம், மாமாவை இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றினார்கள். தாளைக் கிழித்து ஜன்னல் வழியாக அவளிடம் கொடுத்தேன்.

அவள் அதை மடியில் விரித்துவைத்துப் பார்த்தாள். அழவில்லை. சித்திர வாத்தியார் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து, கவனமாகப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் செங்குத்தா இருக்கும் மச்சான்."

"குடு, திருத்தித் தாரேன்" என்று கையை நீட்டினேன்.

கோச்சி நகர்ந்துவிட்டது. அவள் தாளைத் தரவில்லை, நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். நான் நீட்டிய கையை மடக்காமல் ஜன்னலோடு கூடவே நடந்தேன், மேடை முடிகிற வரைக்கும்.