கிணற்றுப் படியில் நனைத்த கால்

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு ஓரிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருந்த எங்கள் நெசவாளர் ஊரில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். பத்திரிகை வேலைக்கு நான் போனது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அன்றைக்கு அப்பாவின் தறிக்குப் பக்கத்துத் தறியில் வேட்டி நெய்துகொண்டிருந்தேன்.

அந்தச் சித்திரையில் என் வலது கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம் கிளம்பியது. அது என்னவென்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நரம்புச் சிலந்தி. எங்கள் பக்கத்தில் கோடை வந்தால் தெருவுக்கு நாலு பேராவது அதனால் நொண்டுவார்கள். கொப்புளம் உடைந்ததும் வெள்ளை நூல் போல ஒரு புழு தலை நீட்டும். அதை ஒரு சிறு குச்சியில் சுற்றிக் கட்டி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளேயே அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். சிலருக்கு முட்டி மடங்கினது மடங்கினபடியே நின்றுவிடும். எந்த இழை அறுந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடும் நாங்கள், அந்த ஓர் இழைக்கு மட்டும் பயந்தோம்.

எதிர்வீட்டுக்காரருக்கு முந்தின கோடையில் அப்படித்தான் ஆனது. ஊரில் நன்றாக நெய்கிறவர்களில் ஒருவர் அவர். சிலந்தி அறுந்து, முட்டி மடங்கி, தறிக்குழியில் காலை இறக்கி மிதியை மிதிக்க முடியாமல் போயிற்று. அவர் மனைவி தறியில் உட்கார்ந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த அக்காவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் தெருவில் யாரும் இல்லை.

கொப்புளம் கிளம்பினால் நெருப்பில் கால் வைத்தது போல எரியும். அதற்கு ஊரில் ஒரே வைத்தியம்தான். தெருவுக்குப் பொதுவான படிக்கிணற்றில் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிடுவது. "சிலந்தி தண்ணி கேக்குது, போய்க் குடுத்துட்டு வா" என்பார்கள். தண்ணீர் பட்டதும் கொப்புளம் உடையும், எரிச்சல் சட்டென்று அடங்கும். பக்கத்திலேயே பெண்கள் குடத்தை அமிழ்த்தித் தண்ணீர் மொண்டுகொண்டிருப்பார்கள். "இன்னுங் கொஞ்சம் நவுந்து உக்காரு சாமி" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொன்னதில்லை.

நான் அப்படிக் கால் நனைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்த டாக்டரை முதலில் பார்த்தேன். கிணற்றின் மேல்படியில் நின்று என்னையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். சென்னையிலிருந்து சர்க்கார் அனுப்பியவர். சேலம் ஜில்லாவில் ஊர் ஊராகப் படிக்கிணறுகளைப் பார்த்து, சிலந்தி எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுக்கலாம் என்று சோதித்து வருகிறார் என்பது பிறகு தெரிந்தது. மாட்டுவண்டியில் வந்த மரப்பெட்டிகளை ஊர்ச் சாவடியில் இறக்கினார். வீடு வீடாகப் போய், யாருக்குச் சிலந்தி வந்தது, எந்தக் கோடையில் வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். மருந்து கொடுக்க வந்தவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாரே என்று ஊருக்குக் குறை.

மறுநாள் ஒரு கண்ணாடித் தம்ளரில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். உற்றுப் பார்த்தால் அதில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. ஒவ்வொன்றும் ஒரு பூச்சி என்றார். சாவடியில் சிரிப்பு கிளம்பியது.

"பொறந்ததுலருந்து கவிச்சி தொட்டதில்லீங்க. டாக்டருங்க ஒரே தம்ளருல என் வெரதத்தக் கெடுத்துப் போட்டீங்களே!" என்றார் ஒரு வயதான நெசவாளி.

இன்னொருவர், "இத நிறுத்தோணும்னா எத்தனாம் நம்பரு நூலுல நெய்யோணுமுங்க?" என்று கேட்டார். கேலிக்குத்தான் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. நீங்களே துணி கொண்டுவாங்க, பார்த்துடலாம்" என்றார். ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து வடிகட்டிப் பார்த்தார்கள். ஈரிழைத் துண்டில் பூச்சி தப்பியது. நெருக்கமாக நெய்த வேட்டியை மடித்துப் பிடித்தபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. அதோடு ஊரின் கேலி பாதி குறைந்தது.

ஆனால் துணி கட்டி வடிகட்டினால் மட்டும் போதாது, கிணற்றுப் படியை அடைத்து, மேலேயிருந்து உருளையும் கயிறும் போட்டு இறைக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் ஊர்ப் பெரியதனக்காரர் எழுந்தார். பங்குனி சித்திரையில் மாரியம்மனுக்குத் தீர்த்தக்குடம் எடுப்பவர்கள் அந்தப் படியில் இறங்கித்தான் குடத்தை நிரப்புவார்கள். "படிய அடைக்கறது நடக்காதுங்க. பூச்சி இருந்தா இருந்துட்டுப் போவட்டும். பூச்சிக்கும் காலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார்.

அதைக் காட்டத்தான் டாக்டருக்கு ஒரு கால் தேவைப்பட்டது. என்னைக் கேட்டார். அப்பா தயங்கினார். நான் ஒப்புக்கொண்டேன். கால் இனி தண்ணீரில் படக்கூடாது, நாளைக் காலை சாவடிக்கு வர வேண்டும் என்றார். எரிச்சலோடு படுத்து எரிச்சலோடு எழுந்தேன்.

காலையில் சாவடி முற்றத்தில் தெரு முழுவதும் கூடியிருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் பக்கவாட்டில். எதிர்வீட்டுக்காரரையும் தூக்கிவந்து ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். வாயகன்ற கண்ணாடி ஜாடி ஒன்றில், காய்ச்சி ஆறவைத்த தெளிந்த தண்ணீரை நிரப்பி என் முன்னால் வைத்தார் டாக்டர். பலகையில் உட்கார்ந்து காலை மெதுவாக உள்ளே இறக்கினேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கணுக்காலின் மேலே, புழு தலை நீட்டியிருந்த இடத்திலிருந்து, வெள்ளையாக ஏதோ பீறிட்டது. புகை போலச் சுருண்டு கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஜாடித் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் போல ஆயிற்று. எனக்கு அந்தச் சுகமான குளிர்ச்சி மட்டும்தான் தெரிந்தது. மற்றவர்கள் பார்த்தது வேறு.

அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வரிசையாக வந்து ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் நிமிர்ந்து மறுபடி ஜாடியைப் பார்த்தார்கள். பெரியதனக்காரர், "நெளியுதுங்க" என்றார். "அத்தனையும் நெளியுது."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "எரியுதுன்னு நீங்க காலை நனைக்கறீங்க. அந்த நேரத்துக்குத்தான் புழு காத்திட்டிருக்கு. தண்ணி பட்டதும் குட்டிகளை விட்டுடுது. குட்டியைப் பூச்சி தின்னுது. பூச்சியைத் தண்ணியோட நீங்க குடிக்கறீங்க. ஏறக்குறைய ஒரு வருஷம் கழிச்சு உங்க கால்ல வெளியே வருது. சூட்டால வர்றதில்லை, சாமி குத்தமும் இல்லை."

அவர் காட்ட நினைத்ததைக் காட்டிவிட்டார். அதற்கடுத்து என்ன நடக்கும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கால் இன்னும் ஜாடிக்குள்தான் இருந்தது.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்படீன்னா இவன் முந்தாநேத்து வரைக்கும் கெணத்துல கால வெச்சுட்டு உக்காந்திருந்தானே!"

அது போதுமானதாக இருந்தது. எல்லாக் கண்களும் ஜாடியை விட்டு என் முகத்துக்கு ஏறின. "வர்ற வருசம் நம்ம ஊட்டுக் கொழந்தைகளுக்கு வந்தா ஆரு பதில் சொல்றது?" என்றார் ஒருவர். "இவனையும் இவன் ஊட்டாரையும் கெணத்துப் பக்கமே உடக்கூடாது" என்றார் இன்னொருவர். நேற்று வரை "நவுந்து உக்காரு சாமி" என்றவர்கள்தான். அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். கிணற்றை மறுத்துவிட்டால், சித்திரை வெயிலில் எங்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. பாவு நூலுக்குக் கஞ்சி போட முடியாது, தறி நிற்கும். அடுப்பும் நிற்கும், ஊரைவிட்டே போக வேண்டியதுதான். டாக்டர் கையை உயர்த்தி ஏதோ சொல்லப் பார்த்தார். அவர் குரல் எடுபடவில்லை. பெரியதனக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊரில் அதுதான் முடிவு.

அதற்குள் எதிர்வீட்டு அக்கா முன்னால் வந்துவிட்டார். கட்டிலில் கால் மடங்கிக் கிடப்பவரின் மனைவி. என்னைத் திட்டுவதற்கு அந்தக் கூட்டத்திலேயே அதிக உரிமை உள்ளவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டருங்க, வெளிய வர்றதுக்கு ஒரு வருசம் ஆவும்னீங்களே, நெசந்தானுங்களா?"

"ஆமாம்மா. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்."

"எங்க ஊட்டுக்காரருக்குப் போன கோடையில வந்துதுங்க. அப்படீன்னா அவுரு அந்தத் தண்ணியக் குடிச்சது அதுக்கு முந்தின கோடையில. அப்படித்தானுங்களே?"

"அப்படித்தான்."

பாவில் எந்த இழை எங்கே தவறியது என்று பார்க்கும்போது நெசவாளியின் கண் பின்னோக்கி ஓடுமே, அப்படி ஓடியது அக்காவின் பார்வை. பிறகு குனிந்தார். அத்தனை ஆண்கள் பார்த்திருக்க, சேலையின் கரையை இரண்டு விரலால் பிடித்து, கணுக்காலுக்கு மேல் சற்றே உயர்த்தினார். அங்கே பழைய தழும்பு ஒன்று வெளுத்துத் தெரிந்தது.

"அந்தக் கோடையில சிலந்தி வந்து கெணத்துல கால வெச்சது நானுங்க" என்றார். "என்ற ஊட்டுக்காரருக்கு நானேதான் மொண்டுட்டு வந்து குடுத்திருக்கறேன். இதயும் எழுதிக்குங்க." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். குரல் பழைய குரலுக்கு வந்துவிட்டது. "அந்தப் பையனத் தொரத்தறதுன்னா என்னயும் சேத்துத் தொரத்துங்க. இங்க காலு நனைக்காதவன் எவனாச்சும் இருந்தா அவன் மொதல்ல வந்து பேசட்டும்!"

கட்டிலில் இருந்த அவர் கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "வலி தாங்காம, போன கோடையில நானுந்தான் வெச்சேன். அவ மட்டுமில்ல." சொல்லிவிட்டு, "சேலைய எறக்கு புள்ள, பாத்தாச்சு" என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கூட்டம் இளகியது. பின்வரிசையிலிருந்து முதலில் குரல் கொடுத்தவர் தன் வேட்டியைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இன்னொருவர் பாதத்தைக் காட்டினார். கேலி செய்த வயதானவருக்கு இரண்டு காலிலும் இருந்தது. கடைசியில் பெரியதனக்காரரும் தன் குதிகாலைப் பார்த்தபடி, "சின்ன வயசுல வந்துது. நானும் படியிலதான் உக்காந்தேன்" என்றார்.

படியை அடைப்பதைப் பற்றி அதற்குப் பிறகு வாதம் நடக்கவில்லை. தீர்த்தக்குடத்துக்கு என்ன செய்வது என்று மட்டும் ஒருவர் கேட்டார். "ஆத்தாளுக்குப் பூச்சித் தண்ணியையா ஊத்தோணும்? உருளையில எறச்சு, வடிகட்டி ஊத்துங்க. நல்ல தண்ணின்னா வேண்டாம்பாளா?" என்றார் அக்கா. பெரியதனக்காரர் தலையாட்டினார். மறு வாரம் படிகளின் வாயில் கல்கட்டு எழுந்தது. என் கால் இன்னும் குச்சியோடுதான் இருந்தது என்பதால் நான் கல் சுமக்கவில்லை. நிழலில் உட்கார்ந்து, உருளைக்குக் கயிறு முறுக்கிக் கொடுத்தேன். புழு அறுபடாமல் முழுதாக வெளியே வந்தது. வைகாசியில் நான் மறுபடி தறிக்குழியில் கால் இறக்கினேன்.

டாக்டர் கிளம்பும்போது ஊரைக் கூட்டி ஒன்று சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அந்தப் பேச்சினால்தான். "இந்த வருஷம் நீங்க ஏற்கெனவே குடிச்சாச்சு. அதனால அடுத்த கோடையிலும் சிலபேருக்கு வரும். அப்போ என்னைத் திட்டுவீங்க. திட்டுங்க, ஆனா கல்லைப் பிரிக்காதீங்க. அதுக்கடுத்த கோடையில கணக்குப் பாருங்க" என்றார். அடுத்த கோடையில் வந்தது. திட்டவும் செய்தார்கள். கல்லை யாரும் பிரிக்கவில்லை. அதற்கடுத்த கோடையில் எங்கள் தெருவில் ஒருவர்கூட நொண்டவில்லை. டாக்டர் வண்டியில் வந்து வீடு வீடாகப் பார்த்துவிட்டு, சாவடியில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதை வேட்டித் துணியில் வடிகட்டிக் கொடுத்தது எதிர்வீட்டு அக்காதான். அவர் கணவருக்கு முட்டி நிமிரவேயில்லை. ஆனால் அக்கா தறியில் நெய்ய, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கப் பழகிக்கொண்டார்.

பிற்காலத்தில் பத்திரிகை அலுவலகத்தில் எத்தனையோ முறை காலரா, அம்மை, பிளேக் என்று செய்தி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் முதலில் கேட்கும் கேள்வி, "இதைக் கொண்டுவந்தது யார்?" என்பதுதான். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் செய்தி சூடாக இருக்கும், தெரு ஒன்று கூடிவிடும். அப்போதெல்லாம் மேசைக்கு அடியில் என் கை வலது கணுக்காலின் தழும்புக்குப் போகும். டாக்டரின் ஜாடி எங்களுக்கு உண்மையைக் காட்டியது. அந்த உண்மையை வைத்துக்கொண்டு ஒருவனை ஊரைவிட்டுத் துரத்துவதா, கிணற்றுக்குக் கல்கட்டு எழுப்புவதா என்பதை முடிவு செய்தது, சேலைக் கரையைப் பிடித்திருந்த அந்த இரண்டு விரல்கள்.