படுத்துக்கொண்டே போகிற மாதிரி ஒரு வண்டி

பழைய வண்டி தரகு என்றால், வாங்க வருகிறவர் தன் மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வருகிற வண்டியிலிருந்து அவரை மெதுவாகக் கீழே இறக்குகிற வேலை.

சித்தூரில் வேலூர் ரோட்டை ஒட்டி, என் வீட்டுப் பக்கத்து மனையில் அந்த வேலையை முப்பது வருஷம் செய்தேன். லாரி கேட்டு வருகிறவனால் தொல்லை இல்லை. எத்தனை மூட்டை ஏறும் என்பான், டயரை உதைப்பான், போய்விடுவான். பிளஷர் கார் கேட்கிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். என் ஆயுசில் பாதியைத் தின்றவர்கள் யாத்திரை வண்டி கேட்டு வந்தவர்கள்தான். குடும்பம் முழுக்க ஏறணும், உள்ளேயே படுக்கணும், உள்ளேயே சமைக்கணும், திருப்பதி, காளஹஸ்தி, ராமேஸ்வரம் எல்லாம் போகணும், ஆனால் வண்டி மட்டும் சின்னதாக இருக்கணும்! ஆந்திரா தனி ராஜ்யம் ஆன புதிதில் இந்த ஆசை எங்கள் பக்கத்தில் காய்ச்சல் மாதிரி பரவியது. வந்தவர்கள் எல்லாரும் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள்: "பண்டி பாகுந்தி, கானி…" வண்டி நல்லா இருக்கு, ஆனால்… அந்த 'கானி' எத்தனை வியாபாரத்தைக் கெடுத்தது என்று வண்டி விற்றுப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டிலும் ஒரு கிராக்கி இருந்தாள். என் பெண்டாட்டி அஞ்சலை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. புத்தூர் கட்டு போட்டு, தடி ஊன்றி நாலு அடி நடக்கிற அளவுக்குத் தேறினாள். உட்கார்ந்தால்தான் வினை, கால் மணி நேரத்தில் வலி உயிரை எடுக்கும். பஸ், ரயில் எதுவும் ஆகாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, ஒரு தடவை சமுத்திரத்தைப் பார்க்கணும். "உனக்குன்னு நல்ல வண்டி ஒண்ணு வரட்டும், மெட்ராஸ் கூட்டிக்கினு போறேன்" என்று சொல்லிச் சொல்லி ரெண்டு மழைக்காலம் ஓட்டிவிட்டேன். அந்த வருஷம் வேலூர் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த நாலு அடி நடையும் அடுத்த வருஷம் இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அவள் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. மனையில் நடக்கிற பேரம் ஒரு வார்த்தை விடாமல் அவள் காதில் விழும்.

மாமரமும் மாமியாரும்

சித்தூர் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர். வீட்டில் பெண்கள் மட்டும் ஏழு பேர். வண்டிக்குள்ளேயே அவர்கள் நிமிர்ந்து நின்று புடவை கட்டிக்கொள்ளணும், அதுதான் அவருடைய முதல் நிபந்தனை. நானும் நாயாய் அலைந்து, கூரை உசத்திக் கட்டிய வேன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினேன். தன் அம்மாவை உள்ளே நிற்க வைத்துப் பார்த்தார். அந்தம்மா நல்ல உயரம், அப்படியும் தலைக்கு மேல் ரெண்டு விரல் இடம் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் தோப்புக்கு ஓட்டிப் பார்க்கப் போனோம். வீட்டுக்குப் போகிற வழி நெடுக மாங்கிளை. முதல் கிளையிலேயே கூரை 'டமால்' என்றது. காய்ப்புள்ள கிளை, வெட்ட மனசு வருமா? கூரையைத் தாழ்த்திக் கட்டித் தருகிறேன், பெண்கள் கொஞ்சம் குனிந்துகொள்ளட்டும், எல்லாம் சேர்ந்த வண்டியை இன்னும் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை சாமி என்றேன். அதைக் கேட்டதும் அவருடைய பெண்டாட்டி மூஞ்சி மலர்ந்ததை நானே பார்த்தேன். மனுஷன் அண்ணாந்து கிளையைப் பார்த்தார், திரும்பி அம்மாவைப் பார்த்தார். "பண்டி பாகுந்தி, கானி எங்கம்மா இந்த அம்பது வருசத்துல யாருக்கும் குனிஞ்சதில்ல தரகரே!"

அடுப்பு வைத்த வண்டி

நகரியிலிருந்து ஒரு தறிக்காரர். முப்பது தறி ஓட்டுகிறவர், கணக்காகப் பேசுகிறவர். வழியில் ஓட்டலில் துன்னக்கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு வேனின் பின்பக்கம் தகரம் அடித்து, ஸ்டவ் வைக்க மேடை கட்டி, புகை போக ஜன்னல் வெட்டிக் கொடுத்தேன். அதோடு விட்டாரா? வண்டி ஓடும்போதே சமைக்க முடியுமா என்று பார்க்கணும் என்று பெண்டாட்டியையும் ஒரு தூக்கு தோசை மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

புத்தூர் ரோட்டில் முதல் பள்ளத்தில் மாவு அவர் சட்டையில். ரெண்டாவது பள்ளத்தில் தோசைக்கல் என் காலடியில். வண்டியை நிறுத்தினேன். அவர் கோபப்படவே இல்லை, மேடையை நாலு அங்குலம் இறக்கினால் சரியாகிவிடும் என்று விரலால் அளந்துகொண்டிருந்தார். அந்தம்மா இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "ஐயா, அடுப்பே வைக்க முடியாத வண்டி ஒண்ணு இருந்தா காட்டுங்க. வூட்லதான் அடுப்புன்னா யாத்திரையிலயும் அடுப்பா?"

நம்பர்

வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வருவார். தங்கமான மனுஷன். என் வாழ்க்கையில் கூரையைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் ஒரு குறையும் சொல்லாத ஒரே யாத்திரைக்காரர். அவர் கேட்டது ஒரே கேள்விதான். வண்டிக்கு ஆந்திரா நம்பர் போடுவதா, மெட்ராஸ் நம்பர் போடுவதா? அப்போது எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று எல்லைப் பேச்சு இழுத்துக்கொண்டே போன சமயம். இன்றைக்கு இங்கே வரி கட்டி நம்பர் வாங்கி, நாளைக்கு ஊர் அந்தப் பக்கம் போய்விட்டால் திரும்பவும் முதலிலிருந்து அலையணும்.

மாசா மாசம் வருவார், பஸ்ஸில். வேனில் ஏறி உட்காருவார், ஹாரன் அடிப்பார், டீ குடிப்பார், போவார். ஒரு நாள் எனக்கே பொறுமை போய், எந்த நம்பராக இருந்தால் என்ன, ரோட்டில் ஓடினால் போதாதா என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாக இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வண்டி ஓடும்ணா. எங்க ஊரு எந்தப் பக்கம் ஓடிக்கினு இருக்குதுன்னுதான் எவனும் சொல்ல மாட்றான்!"

அவர் போனதும் ஜன்னலில் இருந்து அஞ்சலை சிரிக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

சந்திரகிரி வரை ஒரு தூக்கம்

அந்தச் சமயத்தில் பட்டாளத்தில் கழித்துவிட்ட ஆம்புலன்ஸ் ஒன்று ஏலத்தில் என் தலையில் விழுந்தது. உள்ளே ஆள் நீட்டிப் படுக்கிற மெத்தைப் பலகை, பின்னால் ரெண்டு கதவு. ஸ்பிரிங் என்றால் ஸ்பிரிங், பள்ளத்தில் இறங்கியதே தெரியாது. பக்கவாட்டில் இருந்த சிவப்புச் சிலுவைக் குறி மேல் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டேன். கேட்டால் சொல்லுவது, கேட்காவிட்டால் சும்மா இருப்பது. தப்புதான், ஆனால் தரகன் வேறு என்ன செய்வான்?

திருப்பதியில் ரிடையர் ஆன தாசில்தார் ஒருவர் ஓட்டிப் பார்க்க வந்தார். திருப்பதியிலிருந்து சந்திரகிரி கோட்டை வரை போவதாக ஏற்பாடு. பின்னால் ஏறிப் படுத்தவர், ஊர் எல்லை தாண்டுவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தார். கோட்டை வாசலில் எழுப்பினேன். இப்படி ஒரு தூக்கம் சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து வந்ததில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பேரம் முடிந்த மாதிரிதான். அப்போது பார்த்து வெயிலில் அவர் கண்ணுக்குப் பச்சைக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. இது என்ன என்றார். தாசில்தாராக இருந்தவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. பட்டாளத்து ஆம்புலன்ஸ் என்றதும், பொணம் ஏறின வண்டியில் படுத்துவிட்டோமே என்று துண்டை எடுத்துக்கொண்டு தலை முழுகக் குளத்தைத் தேடிப் போனார். ஈரத்தோடு பஸ் ஏறும்போது மட்டும் திரும்பிப் பார்த்தார். "தூக்கம் பாகுந்தி நாயினா, கானி நான் இன்னும் உசுரோட இருக்கேனே!"

வீட்டுக் கிராக்கி

அதற்கப்புறம் அந்த வண்டியை ஒருத்தரும் தொடவில்லை. எட்டு மாசம் மனையிலேயே நின்றது. கடைசியில் வேலூரிலிருந்து ரொட்டிக் கடைக்காரர் ஒருவர், ரொட்டி ஏற்றத்தானே என்று, மறுநாள் காலை எடுத்துப்போவதாகச் சொன்னார். விட்டது சனியன் என்று திரும்பினால், அஞ்சலை தடியை ஊன்றிக்கொண்டு மனையில் நிற்கிறாள். கால் நடுங்குகிறது. வாசற்படியிலிருந்து வண்டி வரைக்கும் பதினாலு அடி இருக்கும். ஓடிப்போய்ப் பிடித்தேன், கையைத் தட்டிவிட்டாள்.

"இந்த வண்டிக்கு இன்னா குறை?" என்றாள், புதுக் கிராக்கி மாதிரி.

"இது வேணாம் அஞ்சலை. பெட்ரோல் குடிக்கும். படி உசரம். செத்தவங்க ஏறின வண்டி. உனக்குன்னு வேற நல்லதா…"

"பொழைச்சவங்க ஒருத்தரும் ஏறலியா?"

ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் குனி, விட்டுக்கொடு, அனுசரித்துக்கொள் என்று சொல்லிப் பிழைத்தவன் நான். சொந்தப் பெண்டாட்டிக்கு என்று வந்ததும் ரெண்டு வருஷமாக ஒரு குறையும் இல்லாத வண்டி தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டர் சொன்ன கெடு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது, கண்ணும் கலங்கிவிட்டது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "எல்லாத்தையும் கேட்டுக்கினுதான்யா படுத்துக்கினு இருந்தேன். உன் கானிய எல்லாம் இங்கயே இறக்கி வெச்சிட்டு வண்டிய எடு!"

சமுத்திரம்

ரொட்டிக்காரரிடம் நாலு நாள் தவணை கேட்டுவிட்டு மறுநாளே கிளம்பினோம். அஞ்சலை பலகையில் ஒருக்களித்துப் படுத்து, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ராணிப்பேட்டையில் இட்லி, காஞ்சிபுரத்தில் காப்பி. ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. மத்தியானம் தாண்டி மெட்ராஸ் கடற்கரை. கதவு பின்பக்கம் இருந்ததால் கடலுக்கு முதுகைக் காட்டி வண்டியை ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்தினேன். கதவு ரெண்டையும் திறந்துவிட்டேன்.

அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் முடி பறந்ததைக்கூட ஒதுக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அஞ்சலை, எப்படி இருக்குது என்றேன். அவள் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். "நல்லாத்தான் இருக்குது. கானி… வண்டிய இன்னும் கொஞ்சம் பின்னால விடு."

முப்பது வருஷத் தரகில் கிராக்கி சொன்ன கானிக்கு எதிர்ப்பேச்சு பேசாமல் நான் கட்டுப்பட்டது அந்த ஒரு தடவைதான், அதற்கே சக்கரம் மணலில் புதைந்து, தள்ளிவிடக் கட்டுமரக்காரர்கள் நாலு பேர் வரவேண்டியிருந்தது.