கள்ளக் கார்டில் டீச்சரின் குரல்

கண்டி நகரில் ஒரு கேம் கடையில் நான் ஏழு வருடம் வேலை செய்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னால், என் வேலை கள்ளப் பிரதி எடுப்பது. கையடக்க விளையாட்டுக் கருவிகளை வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அனுப்பிவிடுவார்கள். அவற்றுக்கான அசல் கேம்கள் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தாலும் யாராலும் வாங்க முடியாது. அதனால் எங்கள் கடைக்கு வருவார்கள். முத்திரை அளவில் ஒரு கார்ட், அதற்குள் நகம் அளவில் ஒரு மெமரி கார்ட். இணையத்தில் இறக்கிய கேம்களை அதில் நிரப்பிக் கருவியில் செருகினால், அது அசலென்று நம்பி ஓடும். ஃபிளாஷ் கார்ட் என்பார்கள். காலையில் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கடை பூட்டும்வரை நிரப்பிக்கொண்டே இருப்பேன். அது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்கிற வேலையில் வருகிற களைப்பு வேறு மாதிரி.

வடக்கில் போர் உக்கிரமாகிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீடு இருந்த மஹய்யாவயிலிருந்து கடைக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் அந்தச் சின்னத் தூரத்துக்குள் இரண்டு தடவை அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருக்கும். எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டை விட்டு ஓடியதை அம்மா மறக்கவில்லை. நான் வாசலைத் தாண்டும் முன், "கார்டு எடுத்தியாம்மா?" என்று கேட்பார். ஏழு வருடமும் கேட்டார்.

டீச்சர் கடைக்கு வந்தது ஒரு மழை நாளில். யாழ்ப்பாணத்துக்காரர், நகரில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும்போது விட்டுப்போன பழைய கருவியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டதாம். இடது கை மட்டும் அசையும்.

"அவருக்கு எல்லாம் விளங்குது, பிள்ளை. சொல்லத்தான் ஏலாது. நான் ஒவ்வொண்டாக் கேட்கோணும். தண்ணியோ, நோகுதோ, குளிருதோ எண்டு. பத்தாவது கேள்விக்கு முதல் அவருக்குக் கோபம் வந்திடும். இதில தொட்டால் வேலை செய்யிற திரை இருக்குதெல்லே. படத்தைத் தொட்டால் பேசிற மாதிரி ஏதும் செய்வீரோ?"

செய்யலாம் என்று சொல்லிவிட்டேன். இணையத்தில் சிலர் அந்தக் கருவிக்குத் தாங்களே சொந்தமாகச் செயலி எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக வைப்பார்கள். கருவியைச் செய்த கம்பனியின் அனுமதி கிடையாது, ஆனால் திருட்டும் இல்லை. சில இரவல் நிரல் துண்டுகளை வைத்து நான் ஏற்கெனவே ஒரு கணக்குப்பொறி எழுதிப் பார்த்திருந்தேன். அந்தச் செயலிகளை ஓட்டவும் அதே ஃபிளாஷ் கார்ட்தான் வேண்டும். வேறு வழியே இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரங்களில் எழுதினேன். மூன்று கிழமை பிடித்தது. பன்னிரண்டு படங்களை நானே வரைந்தேன். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்து டீச்சர், "இது வாளி மாதிரிக் கிடக்கு" என்றார். திருத்தினேன். கடையின் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, சொற்களை அவரே பேசிப் பதிந்தார். "தண்ணி வேணும்." "நோகுது." "என்னைத் திருப்பிப் படுக்க விடு." அந்தக் கடையில் அன்றுதான் முதல் தடவையாக ஒன்றை நாங்களே உண்டாக்கினோம்.

சில மாதம் கழித்துத் தெல்தோட்டையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் புதுக் கேம் நிரப்ப வந்தார். தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டுபவர். சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏங்க, இதுல ஒரு பொம்பளை தண்ணி வேணும், தண்ணி வேணும்ங்கிறாங்களே, யாருங்க அது?"

முதலாளியிடம் போனேன். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், கடையில் எல்லோருக்கும் அவர் நானாதான்.

"டீச்சருக்குச் செஞ்சத நீங்களா போட்டீங்க நானா?"

"ஓ, எல்லாருக்கும் சும்மா போட்டுக் குடுத்த. தமிழ்ல பேசுற சாமான் வேற எந்தக் கடையில ஈக்குது? சல்லிக்கு வித்த இல்லியே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அது டீச்சரோட குரல்."

அவர் கோபப்படவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இவ்வளவு நாளும் மத்தவன்ட கேமை நீங்கதானே கொப்பி பண்ணின, தங்கச்சி. அப்ப ஒண்டும் செல்லல்லியே."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். இனிமேல் போடுவதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். டீச்சரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், கை நின்றது. "என்ர குரல் இப்ப எத்தினை வீட்டில கிடக்கு, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அந்த நாட்களில் தமிழ்க் குரலொன்று எங்கே, யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விசயமில்லை. இருந்தும் அவர் கருவியைத் திருப்பித் தரவில்லை. கணவர் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறார் என்றார்.

அவருக்குப் புதுச் சொற்கள் தேவைப்பட்டன. அப்போது வீடு வீடாகச் சோதனை நடந்தது. கதவு தட்டப்பட்டால் அவர் பதறுவாராம், டீச்சர் கடைக்குப் போனால் திரும்பும்வரை அழுவாராம். ஆகவே இன்னும் எட்டுப் படங்கள் சேர்த்தோம். "ஆர் வந்தது?" "கதவைப் பூட்டு." "வெளியில போகாதை." "பயமாக் கிடக்கு." எல்லாம் டீச்சருக்கு அவர் சொல்ல வேண்டியவை, டீச்சரின் குரலிலேயே.

அதில் ஒரு பிழையைத் திருத்துவதற்காகக் கருவி கடையில் இருந்த நாளில்தான் பொலிஸ் வந்தது. காலை பத்து மணி இருக்கும். கொழும்பிலிருந்து கேம் கம்பனிகளின் சார்பில் ஒரு சட்டத்தரணியும் வந்திருந்தார், கையில் நீதிமன்றக் கட்டளை. கொம்பியூட்டர், சி.டி.க்கள், கார்ட்கள் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகக் கட்டினார்கள். யாரும் கத்தவில்லை. எப்போதோ வர வேண்டியது வந்துவிட்டது என்பதுபோல நானா கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

திருத்த வந்த கருவிகளை ஒரு அதிகாரி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். டீச்சருடையதைத் தொட்டதும் அது பேசியது. "ஆர் வந்தது?" அவர் இன்னொரு படத்தைத் தொட்டார். "வெளியில போகாதை." தமிழ்க் குரல் என்றதும் அவர் மற்ற அதிகாரிகளைக் கூப்பிட்டார். கேம் திருட்டுப் பற்றிய பேச்சு அந்த இடத்தோடு நின்றுபோனது.

பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து விசாரித்தார்கள். "இது யாருக்குப் போற தகவல்? இந்தக் குரல் யாருடையது? இப்படி எத்தனை செய்தீங்க?" நோயாளிக்குச் செய்தது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலக் கேட்டது. பக்கத்து அறையில் நானா என் சார்பில் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் டீச்சரை வரச் சொன்னார்கள். கணவரைத் தனியே விட்டுவர முடியாது. முச்சக்கர வண்டியில் அவரையும் ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கொப்பியோடு வந்தார். இரண்டு பேர் தூக்கி அவரை வாங்குப் பலகையில் இருத்தினார்கள். பெரிய அதிகாரி கொப்பியைப் புரட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கருவியை எடுத்து அந்த மனிதரின் மடியில் வைத்தார்.

அவர் இடது கை விரலால் தேடித் தொட்டார்.

"தண்ணி வேணும்."

தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் யாரும் சொல்லாமலே எழுந்து போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தார். டீச்சர் அதை வாங்கிக் கணவருக்குப் பருக்கினார். பெரிய அதிகாரி கொப்பியை மூடி டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தார். எங்களைப் போகச் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன் டீச்சரின் ஊர், உறவுகள், மகன் இருக்கும் நாடு எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கருவியைத் தந்தார்கள். கார்டைத் தரவில்லை. அது வழக்கின் சான்றுப் பொருள்.

நானாவின் சட்டத்தரணியிடம் நான் கேட்டேன்: "சேர், அதுல இருக்கிறது நானே எழுதினது. அதை எடுத்துக்க முடியாதா?"

அவர் பொறுமையாகச் சொன்னார்: "நீங்க எழுதினது உங்கட சொத்துதான். அதுல குற்றம் இல்லை. கேம் கொப்பி பண்ணினது குற்றம், அதுல சந்தேகம் இல்லை. இந்தக் கார்ட் கம்பனி போட்ட பூட்டை உடைக்கிற சாமானா, வெறும் கார்டா எண்டது வாதாடிப் பார்க்க வேண்டிய விசயம். வாதாடினா வருசக் கணக்கா இழுபடும். இவர் குற்றத்தை ஒப்புக்கொண்டா ஒரே நாளில முடிஞ்சிடும்."

நானா ஒப்புக்கொண்டார். அபராதம் கட்டினார். பிடித்த பொருட்கள் எல்லாவற்றையும் அழிக்க உத்தரவானது. நான் எழுதிய மூல நிரல் கடைக் கொம்பியூட்டரில்தான் இருந்தது, அதுவும் போனது. நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் விளக்கு வைக்கும்வரை தூங்கினேன்.

கடை மறுபடி திறந்தபோது பழுது பார்ப்பது மட்டும் என்று போர்ட் மாட்டினோம். ஒரு நாள் அந்தத் தெல்தோட்டைக்காரர் உடைந்த திரையோடு வந்தார். கருவியைத் திறந்தேன், பழைய கார்ட் உள்ளேயே இருந்தது. அதில் டீச்சரின் குரல் இருந்தது. முதல் பன்னிரண்டு சொற்களும்.

"அண்ணே, இதுல உள்ள ஒன்ன நான் எடுத்துக்கவா?"

"ஒங்க கடையில போட்டதுதானே. எடுங்க."

நான் சண்டை பிடித்து நிறுத்திய களவுதான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. அதை நினைத்துச் சந்தோசப்படவும் முடியவில்லை. அவரிடமிருந்தே ஒரு பழைய கார்டையும் கேட்டு வாங்கி, அதில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

கார்டைச் செருகியதும் டீச்சரின் கணவர் கருவியைப் பறித்தார். தண்ணி, நோகுது, குளிருது என்று எல்லாவற்றையும் தொட்டார். பிறகு பழைய இடத்தில் இல்லாத படங்களைத் திரையின் ஓரங்களில் தேடினார். தேடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த எட்டையும் திரும்பப் பதிவமா டீச்சர்?" என்றேன்.

"என்னால ஏலாது, பிள்ளை." குரல் தாழ்ந்துவிட்டது. "அந்தப் பேப்பரில கையெழுத்து வைச்ச நாளில இருந்து ரெலிபோனிலயும் நான் கனக்கக் கதைக்கிறேல்லை. உம்மட குரலில சொல்லும்."

அப்படியே செய்தேன். படம் காட்டும் பகுதியைப் புதிதாக எழுத இரண்டு கிழமை ஆனது. அந்தக் கருவி அதன் பிறகு பாதி யாழ்ப்பாணத் தமிழும் பாதி மலைநாட்டுத் தமிழும் பேசியது. முதல் தடவையாக என் குரலில், "பயமா இருக்குங்க" என்று அது சொன்னபோது அவர் விரலை எடுத்துவிட்டார். மறுபடி தொட்டார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார்.

போர் முடிந்த பிறகு மகன் இருவரையும் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டான். புறப்படுவதற்கு முதல் நாள் டீச்சர் கடைக்கு வந்தார். "பிளேனில இந்தக் கார்டைப் பிடிப்பினமோ? அங்க இது சட்டப்படி சரியோ, பிழையோ?"

எனக்குத் தெரியவில்லை. கள்ளக் கேம்கள் எல்லாவற்றையும் அழித்து, எங்கள் இருபது படங்களை மட்டும் விட்டு, கார்டைத் திரும்பச் செருகிக் கொடுத்தேன்.

"கையிலயே வச்சிருங்க டீச்சர். யாராவது கேட்டா ஐயாகிட்ட குடுங்க, அவரே சொல்லுவாரு" என்றேன்.

அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். நானா காரணம் கேட்டார். களைத்துப்போய்விட்டேன் என்றேன்.